கண்ணாடி போட்ட எஞ்சின்

அந்த எஞ்சினை வெட்டி எடைக்குப் போட்டு ஒன்றரை வருஷம் ஆன பிறகுதான் வழக்கு விசாரணைக்கு வந்தது. நம் ஊரில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கட்சிக்காரர்கள் செத்து, சொத்தும் அழிந்த பிறகு தீர்ப்பு வருகிற இடத்தில் எஞ்சின் எம்மாத்திரம்? ஆனால் இந்த வழக்கில் எஞ்சின்தான் முதல் சாட்சி. பூபதி என்கிற சரக்கு ரயில் டிரைவர், தண்டவாளத்தில் நின்ற மனிதனைப் பதினோரு நொடி பார்த்துக்கொண்டே போய் ஏற்றினார் என்று அது சாட்சியும் சொல்லிவிட்டது.

இல்லாத எஞ்சின் எப்படிச் சாட்சி சொல்லும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் மறுஓட்டம் என்று ஒன்று வந்திருந்தது. டீசல் எஞ்சின்கள் வரிசையாக உருக்காலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வருஷங்களில், சரக்குப் பாதைக் கழகம் ஒவ்வொரு ரக எஞ்சினுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு நகல் செய்து வைத்துக்கொண்டது. சக்கரம், பிரேக், எடை, ஜன்னல், ஹாரன், எல்லாம் உள்ள நகல். விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் அன்றைய வெயில், அன்றைய வேகம், அன்றைய சரக்கு எல்லாவற்றையும் கொடுத்து நகலை அதே தண்டவாளத்தில் மறுபடியும் ஓட விடுவார்கள். டிரைவர் சீட்டில் ஒரு கண்ணை வைத்து, எது எப்போது தெரிந்தது என்று பார்ப்பார்கள். மனிதர்கள் மறப்பார்கள், பயப்படுவார்கள், சொந்தக்காரனுக்காகப் பொய் சொல்வார்கள். நகலுக்கு அந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. விபத்துத் தீர்ப்பாயம் இதை ஏற்றுக்கொண்ட பிறகு குறுக்கு விசாரணை என்கிற சமாச்சாரமே அநேகமாக நின்றுபோனது. வக்கீல்கள் மட்டும் பழக்கதோஷத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

நகல்களைச் செய்து கொடுத்தது ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கம்பெனி. தர்ஷினி அங்கே மூன்று வருஷமாக வேலை பார்த்தாள். எஞ்சின் நகலுக்குத் துரு, எண்ணெய்க் கறை, நம்பர் எல்லாம் பூசுவது அவள் வேலை. அதாவது உடம்பு ஒன்றுதான். அதற்குத் தோலை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் முந்நூறு எஞ்சின்கள். ஜி-7 என்கிற அந்த ரகத்தின் உடம்பு, அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே யாரோ செய்து முடித்து, கழகமும் முத்திரை குத்தி வாங்கிப் போயிருந்தது.

பூபதி ஒரு திங்கட்கிழமை முற்பகலில் படியேறி வந்தார். ஐம்பத்தெட்டு வயது, தடித்த கண்ணாடி, கையில் மஞ்சள் பை. முதலாளி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் தெளிந்து, அப்படியானால் உன்னிடமே சொல்கிறேன் கண்ணு என்று உட்கார்ந்துவிட்டார். இறுதி விசாரணைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. தீர்ப்பு எதிராக வந்தால் வேலை போகும், பென்ஷன் போகும், இரண்டு வருஷம் உள்ளே இருக்க வேண்டும். அதையெல்லாம்விட, செத்துப்போன கீமேன் வேல்குமாரின் பிள்ளைகள் தன்னை வேண்டுமென்றே ஏற்றியவன் என்று நினைத்து வளரும் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கீமேன் என்றால் சுத்தியலும் ஸ்பானருமாகத் தனியாக லைனோடு நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கீ கழன்றிருந்தால் அடித்து இறுக்குகிறவர். ஒரு வளைவில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது பூபதியின் வண்டி மோதியது.

தன் எஞ்சினை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றார் பூபதி. இதற்கெல்லாம் அனுமதி கிடையாது. இருந்தாலும் தர்ஷினி தலையில் மாட்டும் திரையை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். அந்த நாளின் ஓட்டத்தைப் போட்டாள். அவர் தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னோட வண்டி இல்லீங் கண்ணு."

"நம்பர் அதேதாங்ணா."

"நம்பர் அதேதான். ஆனா இத்தன வெளிச்சம் இருக்காது. இடதுபக்கம் இப்படிக் காடு கரையெல்லாம் தெரியாது."

"எது மறைக்கும்?"

அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷத்தில் நூற்றுக்கணக்கான எஞ்சின்களில் ஏறி இறங்கியவர். ஒன்றில் ஜன்னல் மூடாது, ஒன்றில் சீட்டு ஆடும், ஒன்றில் மழை ஒழுகும். எதில் எது என்று கேட்டால், சாப்பிட்ட கல்யாண வீடுகளில் எதில் ரசம் புளித்தது என்று கேட்கிற மாதிரி. தெரியவில்லை கண்ணு, ஆனால் அந்தாளை நான் பார்க்கவில்லை என்றார். தர்ஷினிக்கு எரிச்சல்தான் வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சுதானே இது?

ஆனால் ஒன்று அவள் கண்ணில் பட்டது. திரையை மாட்டியதிலிருந்து அவர் உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. வளைவு வரும்போதெல்லாம் கழுத்தை நீட்டி எதையோ சுற்றி எட்டிப் பார்த்தார். நகலில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. நேராக உட்கார்ந்தாலே எல்லாம் தெரியும். அவருக்குத் தான் சாய்வது தெரியவும் இல்லை.

அவர் போன பிறகு அவள் ஜி-7 நகலைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். மயிரிழை வித்தியாசமில்லை. வலப்பக்கக் கைப்பிடியில் ஒரு கம்பி எங்கேயோ இடித்து உள்வாங்கியிருந்தது. இடப்பக்கமும் அதே உயரத்தில் அதே கம்பி அதே அளவுக்கு உள்வாங்கியிருந்தது. எந்த எஞ்சினும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இடித்துக்கொள்ளாது. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நகல் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதையும் முழுதாகச் செய்யமாட்டார்கள். முகமோ, காரோ, கோயில் கோபுரமோ, பாதியைச் செய்து நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்துவார்கள். மறுபாதி தானாக வந்துவிடும். கண்ணாடி போடுவது என்று இதற்குப் பெயர். நேரம் மிச்சம், காசு மிச்சம். கடைசியில் கண்ணாடியை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் வேறுபடுகிற இடங்களைத் திருத்தவேண்டும். ஜி-7 செய்தவர் அந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

போனில் பூபதியிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எஞ்சினுக்கெல்லாமா கண்ணாடி போடுவீர்கள், எனக்குத்தான் போட்டிருக்கிறேன் என்றார். அவள் சிரித்துவிட்டாள். பிறகு நினைத்து நினைத்து வருத்தப்பட்ட சிரிப்பு அது.

இடப்பக்கத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். சேலத்தில் இருந்த சிவநேசன். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்லைவிட எஞ்சினை அதிகம் பார்த்தவர் என்று அவர் மனைவியே சொல்வார். ரயில் பைத்தியங்களில் பல ஜாதி உண்டு. இவர் வித்தியாசம் பார்க்கிற ஜாதி. ஒரே ரகத்தில் இந்த எஞ்சினுக்கு ஹாரன் நாலு விரற்கடை தள்ளி இருக்கிறது, அந்த எஞ்சினுக்குப் படிக்கட்டில் ஓட்டை வட்டம், இதற்குச் சதுரம் என்று வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள். கம்பெனிக்கு அவர் எழுதிய குறைகள் நானூறைத் தாண்டும். ஆபீஸில் அவர் கடிதம் வந்தாலே ஆளாளுக்குப் பல்லைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டுவார்கள். தர்ஷினியும் நடித்திருக்கிறாள்.

அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்டபோது டாக்டர் யோசிக்கக்கூட இல்லை.

"ஏர் டிரையர் பெட்டிம்மா. பிரேக் காத்துல இருக்கற தண்ணிய உறிஞ்சுறதுக்கு. மத்த ரிப்பேர் ஷெட்டுல எல்லாம் அத வண்டிக்கு அடியில வெச்சாங்க. ஒரு ஷெட்டுல மட்டும் அடியில எடமில்லன்னு மேல தூக்கி வெச்சுட்டாங்க. இடதுபக்கம், டிரைவர் ஜன்னலுக்கு நேரா. ஒரு பீரோ நிக்கற மாதிரி நிக்கும்."

"எத்தனை எஞ்சின்ல டாக்டர்?"

"முப்பது முப்பத்தஞ்சு இருக்கும். நான் ஆறு வருஷமா சொல்லிட்டிருக்கேன். எவன் கேட்டான்?"

அவரிடம் போட்டோவும் இருந்தது. அதே நம்பர் எஞ்சின், ஏதோ ஒரு ஸ்டேஷனில், இடப்பக்கத்திலிருந்து எடுத்தது. பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. இந்த ரகத்தில் டிரைவர் அறை ஒரு கோடியில்தான் இருக்கும். திருப்ப இடமில்லாத ஊர்களில் நீளமான உடம்பை முன்னால் விட்டு ஓட்டச் சொல்வார்கள்; பூபதியையும் அன்று அப்படித்தான் ஓட்டச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸை ஓட்டுவது மாதிரி அது. அன்றையது மாதிரி இடப்பக்கம் திரும்புகிற வளைவில் வலப்பக்கம் இருக்கும் உதவி டிரைவருக்கு எஞ்சினின் உடம்பைத் தவிர ஒன்றும் தெரியாது. டிரைவருக்கு இருந்த ஒரே வழியிலும் பீரோவைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

இதனால் ஒரு மனிதர் செத்து, இன்னொருவர் ஜெயிலுக்குப் போகப்போகிறார் என்று தர்ஷினி சொன்னாள். அப்படியா, பாவம் என்றார் டாக்டர். பெட்டியைச் சேர்க்கும்போது மூடியின் போல்ட்டு எட்டா பத்தா என்று தன்னைக் கேட்காமல் வைக்கக்கூடாது என்றும், உதவியவர் என்று தன் பெயரைப் போடவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

பெட்டியின் போட்டோவையும் வைத்துப் பூபதியின் வக்கீல் மூலம் மனு போனது. தர்ஷினியே எழுதிக் கொடுத்த வாசகம்: 'ஜி-7 நகலின் வலப்பக்கம் மட்டுமே அளந்து செய்யப்பட்டது. இடப்பக்கம் கண்ணாடி போட்டது.' ஆபீஸில் தினம் இருபது தடவை சொல்லிப் பழகிய சொல். அதற்கு வேறு அர்த்தம் இருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

தீர்ப்பாயத்தில் மனுக்களை மனிதர்கள் படித்து நாளாயிற்று. அங்கே படிக்கிற இயந்திரம் போட்டோவைக் கண்டுகொள்ளவில்லை, அவள் தமிழை மட்டும் நன்றாகவே படித்தது. பத்தாம் நாள் பதில் வந்தது. எஞ்சினின் இடப்பக்கம் கண்ணாடி போட்டிருந்தது என்று நகல் செய்த நிறுவனத்தின் ஊழியரே ஒப்புக்கொள்வதால், டிரைவருக்கு ஜன்னல் வழியாக மட்டுமின்றிக் கண்ணாடி வழியாகவும் பார்க்க வசதி இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. அலட்சியம் மேலும் உறுதியாகிறது.

பூபதி போன் செய்தார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏங் கண்ணு, நீ என்னோட வண்டிக்குக் கண்ணாடி வெச்சுக் குடுத்துட்டியாமா?"

தர்ஷினி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தன் மேல் வந்த கோபம் ஒரு பங்கு, அந்த இயந்திரத்தின் மேல் வந்த கோபம் ஒன்பது பங்கு. திருத்தி எழுதலாம் என்றால், ஒரு சாட்சி ஒரு முறைதான் எழுதலாம் என்று விதி. இனி நிறுவனமே முன்வந்து நகல் தப்பு என்று சொன்னால்தான் உண்டு.

முதலாளி கிருபாகரனுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கத்துகிற மனிதர் இல்லை அவர். கணக்குச் சொல்கிற மனிதர். ஒப்பந்தம் ஒரு ரகத்துக்கு ஒரு நகல் என்றுதான். முந்நூறு எஞ்சினுக்கு முந்நூறு நகல் செய்ய எவன் தருவான்? ஒரு நகல் தப்பு என்று ஒப்புக்கொண்டால் மற்ற நகல்களை எவன் நம்புவான்? மாடியில் வேலை பார்க்கிற இருபத்திரண்டு பேர் என்ன ஆவார்கள்? வித்தியாசம் என்கிற வார்த்தையே ஒப்பந்தத்தில் இல்லை என்றார். அது உண்மைதான், அவள் படித்துப் பார்த்தாள்.

அதே கிருபாகரன் பத்து நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியைச் சேர்த்துவிடு என்றார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது. கழகத்தில் பேசினாராம். அவர்களுக்கும் சம்மதமாம்.

"எந்தெந்த எஞ்சினுக்கு சார்? முப்பத்தஞ்சுலதான் அந்தப் பெட்டி இருந்துச்சு."

"எல்லாத்துக்கும். உடம்பு ஒண்ணுதானே, அந்தத் தாய் மாடல்லயே வை."

"மத்ததுல இல்லையே சார்."

"தர்ஷினி, அந்த டிரைவரைக் காப்பாத்தணும்னு நீதானே குதிச்சே? ஒண்ணு எல்லாத்துலயும் இருக்கும், இல்ல எதுலயும் இருக்காது. நீயே சொல்லு."

அவள் பூபதியை நினைத்தாள். விசாரணைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. சரி சார் என்றாள். அந்த வாரம் முழுக்க அந்தப் பெட்டியைச் செய்தாள். கண்ணாடி போடாமல், போட்டோவைப் பார்த்து, ஒவ்வொரு மூலையாக. போல்ட்டு பத்து என்று டாக்டர் உறுதி செய்தார். கீல் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும் என்றார், ஏற்றினாள். பெயின்ட் இன்னும் ஒரு பிடி மங்கவேண்டும் என்றார், மங்கவைத்தாள். அவ்வளவு சுத்தமான வேலையை அவள் அதற்கு முன் செய்ததில்லை. செய்கிறபோது சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மறுஓட்டம் மறுபடி நடந்தது. பதினோரு நொடி, ஒன்றே கால் நொடியாகக் குறைந்தது. அதற்குள் பிரேக் பிடித்து நிறுத்த எந்தத் தாய் பெற்ற பிள்ளையாலும் முடியாது. வளைவுக்கு முன் விதிப்படி ஹாரன் அடித்ததும் பதிவில் இருந்தது. பூபதி நிரபராதி. மறுநாள் மனைவியோடு வந்து, படியேறிய மூச்சு அடங்குவதற்குள் ஒரு பெரிய டப்பா மைசூர்பாகை அவள் மேஜையில் வைத்தார். ஆபீஸில் இருந்த அத்தனை பேருக்கும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். டாக்டருக்கு ஒரு டப்பா தனியாக வைத்திருந்தார். அந்தம்மா தர்ஷினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நல்லா இருப்பே சாமி, நல்லா இருப்பே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். ஆனால் மறுஓட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. யார் மேல் தப்பு என்று ஒரு பெயரைச் சொல்லாமல் அது நிற்காது. அதற்குத் தெரிந்த பெயர்களோ இரண்டு. ஓட்டியவர் ஒன்று, செத்தவர் ஒன்று. ஓட்டியவர் மேல் தப்பில்லை என்றால் ஹாரனைக் கேட்டும் லைனை விட்டு விலகாத செத்தவர் மேல் தப்பு. பெட்டியை ஜன்னலுக்கு நேராக வைத்தவர் யார், உடம்பை முன்னால் விட்டு ஓட்டச் சொன்னவர் யார் என்று தர்ஷினி முதலாளியிடம் கேட்டாள். மறுஓட்டத்தில் அவர்களுக்கெல்லாம் சீட்டே கிடையாதே என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

கழகம் ஏன் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. பெட்டி தாய் மாடலில் ஏறிவிட்டதால் ஜி-7 சம்பந்தப்பட்ட பழைய வழக்குகள் எல்லாவற்றையும் அவர்களே தூசி தட்டி மறுபடி ஓட விட்டார்கள். பெட்டியே இல்லாத எஞ்சின்கள் மோதிய வழக்குகள்தான் அதிகம். நகலில் அவற்றுக்கும் இப்போது பெட்டி இருந்தது, பத்து போல்ட்டோடு, சரியான பச்சையில். ஒரு டிரைவரும் யாரையும் பார்த்திருக்க முடியாது. செத்தவர்கள் எல்லாரும் தங்கள் தப்பால் செத்தவர்கள் ஆனார்கள். கழகம் யாருக்கும் நஷ்டஈடு எதுவும் தரவேண்டியதில்லை. தர்ஷினி முதலாளியிடம் போனாள். நீ கேட்டதைத்தான் செய்தோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 

வேல்குமாரின் மனைவி கோகிலா வந்தது அதற்குப் பிறகு, ஒரு புதன்கிழமை மத்தியானம். நாற்பது வயதிருக்கும். புருஷன் வேலையில் இறந்ததால் அவளுக்கு ஸ்டேஷனில் தண்ணீர் வைக்கிற, கோப்பு தூக்குகிற வேலை ஒன்று கொடுத்திருந்தார்கள். தன் தப்பால் செத்தவனின் குடும்பத்துக்கு அந்த வேலை கிடையாது என்று போன வாரம் நிறுத்திவிட்டார்களாம். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியது பத்தாவது. அவள் அழவில்லை. நீங்கள்தான் அந்த எஞ்சினைச் சரி செய்தவரா என்று கேட்டாள். தர்ஷினி ஆமாம் என்றாள்.

"என்னோட வீட்டுக்காரரப் பாக்கலாமுங்களா அதுல?"

தர்ஷினி அவளுக்குத் திரையை மாட்டாமல் பெரிய திரையிலேயே காட்டினாள். வளைவில் ஒரு உருவம் குனிந்து நின்றது. ஆரஞ்சுச் சட்டை, தொப்பி, மூஞ்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோகிலா அருகில் போய்ப் பார்த்துவிட்டு இது அவர் இல்லை என்றாள். தர்ஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். எல்லா விபத்துக்கும் இந்த ஆள்தான் அக்கா, வேறு உருவம் கிடையாது, இதைச் செய்ததும் நாங்கள் இல்லை.

கோகிலா தலையாட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த ஆளுக்குக் காது கேட்குமா என்று கேட்டாள்.

"கேக்கும்க்கா. ஹாரன் கேட்டும் நகரலைன்னுதான்..."

"அவருக்குக் கேக்காதுங் அம்மிணி. ரண்டு காதும். ஜல்லி இறுக்கற மெஷினோட அஞ்சு வருஷம் நின்னாரு, அதுல போச்சு. காது டெஸ்ட்டுல டாக்டரோட ஒதட்டப் பாத்துப் பதில் சொல்லிருவாரு. கூட இருக்கறவங்களுக்கெல்லாந் தெரியும். காட்டிக் குடுக்கல."

தர்ஷினி சட்டென்று எழுந்தாள். இதைச் சொல்லியிருக்க வேண்டாமா, இப்போதே எழுதிக் கொடுக்கலாம், காது கேட்காதவரைக் கேட்டும் நகரவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று வேகமாகப் பேசினாள். எஞ்சினுக்கு ஒரு பெட்டியைச் சேர்க்க முடிந்தது, மனிதனுக்கு ஒரு காதை எடுக்க முடியாதா? கோகிலா அவள் பேசி முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"யோசிச்சுட்டனுங். காது கேக்காதுன்னு சொன்னா, பொய் சொல்லி வேல பாத்தாருன்னு எழுதுவாங்க. பொய் சொல்லி வேல பாத்தவன் பொண்டாட்டிக்கும் வேல இல்லீங்க. நான் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

தர்ஷினி உட்கார்ந்துவிட்டாள். பெருந்துறை ரோட்டில் ஏதோ கட்சி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. கோகிலா டிரைவர் சீட்டிலிருந்து பார்க்க விரும்பவில்லை. அவர் நின்ற இடத்தில் தன்னை நிறுத்தமுடியுமா என்று கேட்டாள். இத்தனை விசாரணையில் அந்த இடத்திலிருந்து யாரும் பார்த்ததில்லை. அது ஒன்றும் கடினமான வேலையும் இல்லை. தர்ஷினி டிரைவர் சீட்டில் வைத்திருந்த கண்ணை எடுத்து வளைவில் வைத்து, திரையைக் கோகிலாவின் தலையில் மாட்டினாள். வண்டி ஆள் மேல் படுகிற நொடியில் ஓட்டம் தானாக நின்றுவிடும், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓட விட்டாள்.

ஹாரன் அறையே அதிர்கிற மாதிரி கேட்டது. கோகிலா இரண்டு அடி துள்ளிப் பின்னால் வந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"சத்தத்த நிறுத்திட்டுப் போடுங் அம்மிணி."

தர்ஷினி சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். கோகிலா இந்தத் தடவை குனிந்துகொண்டாள். கையில் சுத்தியல் இருக்கிற மாதிரி விரல்களை மடக்கிக்கொண்டு காலடியில் தெரிந்த தண்டவாளத்தையும் ஜல்லியையும் பார்த்தபடி நின்றாள். பெரிய திரையில் எஞ்சின் வளைவைத் தாண்டி வந்தது. போல்ட்டு, கீல், மங்கின பச்சை, எல்லாம் சரியாக இருந்தது. அது அவள் முதுகைத் தொட்டதும் ஓட்டம் நின்றது. கோகிலா பார்த்துக்கொண்டிருந்த தண்டவாளமும் ஜல்லியும் அப்படியே இருந்தன.

கோகிலா குனிந்தே நின்றாள். தர்ஷினி அவள் தோளைத் தொடப் போனாள்.

"இன்னும் வரலீங்களா?" என்று கேட்டாள் கோகிலா.